கார்முகில் வைத்த மலை

"மச்சான், அந்த மலைய பாக்க வர்றாங்கடா!"

கார்முகில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு போனைக் காதில் சரியாக வைத்துக்கொண்டான்.

"எந்த மலை, மாமா?"

"எந்த மலையா? நீ வச்ச மலைதான்டா! அத பாக்க கொரியாலேர்ந்து ஆளு வர்றாரு!"

பேசியது அவனுடைய அக்கா எழிலரசியின் கணவர் சுப்பராயன். ஒரகடத்தில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அட்மின் மேனேஜர். பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் கார்முகில் குடியிருந்தான், அங்கேயே வேலையும் பார்த்தான்.

அவன் வேலையே மலை வைப்பதுதான். சினிமாவில் கதாநாயகன் குதிரையில் வந்து நிற்பான். அவனுக்குப் பின்னால் கோட்டை, அருவி, பனி மூடிய சிகரம் எல்லாம் தெரியும். படப்பிடிப்பு நடந்த அன்று அங்கே இருந்தது ஒரு பச்சைத் துணியும், அதற்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த லைட்மேன்களும்தான். சிகரத்தையும் அருவியையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அந்தப் பச்சைத் துணி இருந்த இடத்தில் பொருத்துகிறவர்கள் கார்முகில் மாதிரி ஆட்கள். மேட் பெயின்டிங் என்று அதற்குப் பெயர். கம்பெனி அடையாள அட்டையில் 'என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட்' என்று போட்டிருந்தது. அக்கா தெருவில் "தம்பி கிராபிக்ஸ்ல கீறான்" என்று சொல்லி வைத்திருந்ததால், ஆதார் அட்டையில் இருக்கும் மூஞ்சியை மாற்றித் தர முடியுமா என்று அவ்வப்போது யாராவது மாடியேறி வருவார்கள்.

மலை விவகாரம் போன மாதம் ஆரம்பித்தது. கம்பெனி புரோஷருக்காக எடுத்த போட்டோ ஒன்றை மாமா கொண்டுவந்தார். முன்னால் தொழிற்சாலைக் கட்டடம். பின்னால் சீமைக் கருவேலம், சாய்ந்து கிடந்த ஒரு பழைய லாரி, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாய்.

"கொஞ்சம் பளிச்சுனு பண்ணிக் குடுடா."

கார்முகில் லாரியை எடுத்தான். நாயை எடுத்தான். கருவேலத்தை எடுத்துவிட்டுப் புல் வைத்தான்.

"புல்லு ஓகே. ஆனா பின்னாடி மொட்டையா கீதே."

அன்று அவன் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தான். ஒரு படத்துக்கு அவன் வரைந்த மலையை டைரக்டர் மறுபடியும் திருப்பி அனுப்பியிருந்தார். "மலைல ஃபீல் வரலையாம். பாத்தா மலை மாதிரியே இல்லையாம்" என்று அவனுடைய சூப்பர்வைசர் பகலவன் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார். அடிவாரம் ஏற்காடு, நடுவில் செஞ்சிப் பாறை, உச்சி எங்கோ மேகாலயாவில் யாரோ எடுத்த போட்டோ என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த மலை. வீணாய்ப் போன அந்த மலையை எடுத்து, கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குத்து குத்தி நிறுத்தினான்.

"இந்தாங்க. இப்ப போதுமா?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "இதான்டா! இதத்தான் கேட்டேன்!"

ஒரு பக்கத்துப் புரோஷர்தானே என்று அவன் விட்டுவிட்டான். மலை புரோஷரோடு நிற்கவில்லை. வெப்சைட்டுக்குப் போனது. ரிசப்ஷன் சுவரில் ஏறியது. புது வருஷக் காலண்டரில் பன்னிரண்டு மாதமும் நின்றது. தொழிற்சாலையில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து பஸ் பிடிக்க ஓடுகிறவன் பின்பக்கம் திரும்பி மலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

"மெயில்ல ஒரே வரிதான்டா எழுதிக்கீறாரு" என்றார் மாமா இப்போது. "'படத்தில் உள்ள மலையை நேரில் பார்க்க விரும்புகிறேன்.' அவ்ளோதான். மிஸ்டர் ஹான்னு பேரு. எங்க ரப்பர வாங்குற கொரியா கம்பெனில பெரிய தல."

"எதுக்காம்?"

"அத எழுதல. மலைன்னா உசுரு போல. லீவு நாளானா அந்த ஊரு ஜனங்க மூட்டைய கட்டிக்கினு மலையேறப் போய்டுவாங்களாம்டா."

"உண்மைய சொல்லிடுங்க மாமா. படத்துக்காக வரைஞ்சதுன்னு."

"சொல்லலாம்டா. 'மலை பொய்யி, அப்ப நீ அனுப்புற ரப்பரு?'ன்னு கேட்டான்னா? எங்களுக்கு வர்ற ஆர்டர்ல முக்காவாசி அவங்களுது. லைன்ல கீற அத்தினி பேரும் என்னத்தான் தேடிக்கினு வருவாங்க."

அவர் போனை வைப்பதற்குள் எழிலரசி மாடியேறி வந்துவிட்டாள். அவளுக்கும் செய்தி போய்விட்டது.

"உன்ன யாருடா மலை வெக்க சொன்னது? அழகா நாலு தென்ன மரம் வெச்சிருந்தா போதாதா?"

"மொட்டையா கீதுன்னு உன் வீட்டுக்காரர்தான் சொன்னாரு."

"அவுரு ஆயிரம் சொல்லுவாரு. அவுருக்கு வேல போச்சுன்னா, உன் மலையிலயா போயி குடித்தனம் பண்றது?"

கார்முகில் யோசித்து ஒரு வழி சொன்னான். கம்ப்யூட்டரில் எந்தக் குறையையும் மறைக்க அவன் முதலில் எடுப்பது புழுதியும் மூட்டமும்தான். அதையே மெயிலில் எழுதச் சொன்னான். வெயில் ஏறிவிட்டால் இந்தப் பக்கத்தில் புழுதி அதிகம், மலை கண்ணுக்கே தெரியாது, நீங்கள் மத்தியானம் வருவதாக இருப்பதால் பார்க்க முடியாமல் போகலாம், மன்னிக்கவும்.

சுப்பராயனுக்கு ஒரே சந்தோஷம். "மூளடா உனக்கு!" என்று உடனே அனுப்பினார்.

மறுநாள் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, அப்படியானால் விடியும்போதே வந்துவிடுகிறேன், மற்ற சந்திப்புகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் மலை.

"மத்தியானம் லஞ்ச்ச போட்டு, பேசிப் பேசியே சாயங்காலம் ஆக்கி அனுப்பியிருப்பேன்டா" என்று மாமா போனில் அழாத குறையாகச் சொன்னார். "இப்ப மலைய பாக்கறது ஒண்ணுதான் ப்ரோக்ராமே. பிளான்ட் ஹெட் உன்ன கையோட கூட்டியார சொல்றாரு."

பிளான்ட் ஹெட் சிவசங்கர் அந்தத் தொழிற்சாலைக்குப் புதிது. மேஜையில் புரோஷரை விரித்து வைத்துக்கொண்டு, பிரேதப் பரிசோதனை செய்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க என்விரான்மென்ட் ஆளுன்னு சுப்பராயன் சொன்னாரு. பொல்யூஷன் சம்பந்தமாவா?"

"இல்ல சார். நான் வரையிறவன். இந்த மலைய வரைஞ்சது நான்தான்."

"ஓ. அப்ப நிக்க வைக்கப் போறதும் நீங்கதான். சினிமால இதுக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

அந்த இடத்தில் கார்முகில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவனுடைய தொழிலைப் பற்றி ஒருவர் மரியாதையாகக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான் சார். அந்தக் காலத்துல கண்ணாடில வரைஞ்சு கேமராவுக்கு முன்னாடி வெப்பாங்க. இல்லன்னா தூரத்துல பெரிய படுதா கட்டிடுவாங்க. ஒரு குறிப்பிட்ட இடத்துல இருந்து பாத்தா அச்சு அசல் நெஜம் மாதிரியே தெரியும்."

"படுதா!" சிவசங்கர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "சுப்பராயன், ஃபிளெக்ஸ் அடிக்கிறவன் யாராவது இருக்கானா?"

"சார், சார், நான் சும்மா பேச்சுக்கு..."

"பின்பக்கம் சாரம் கட்டி நிறுத்துறோம். மாடில கான்ஃபரன்ஸ் ரூம் ஜன்னல்லேர்ந்து காட்டுறோம். ஒரு காபி, ஒரு வணக்கம், முடிஞ்சுது."

கார்முகில் தலையில் கை வைத்துக்கொண்டு, அது ஏன் நடக்காது என்று விளக்கினான். படுதா மலை ஒரே ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் மலை. அங்கிருந்து இரண்டடி நகர்ந்தாலும் படுதாவின் ஓரம் தெரிந்துவிடும். எந்த நாற்காலியிலிருந்து பார்க்கப் போகிறாரோ, அதற்குக் கணக்குப் போட்டுத்தான் வரைய முடியும்.

"அப்ப நாற்காலிய தரையோட ஸ்க்ரூ போட்டுடலாம்" என்றார் சிவசங்கர்.

"சார், புரோஷர்ல மலை கட்டடத்துக்கு மேல தெரியுது. முன் கேட்டுல காரவிட்டு எறங்கி நிமிந்து பாத்தாருன்னா வெறும் வானம்தான் இருக்கும்."

சிவசங்கர் சற்று யோசித்தார். "கேட்டுலேர்ந்து குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடலாம். பெரிய குடையா. சுப்பராயன், அது உங்க பொறுப்பு."

இப்படியாக, மலை வேண்டாம் என்று சொல்லப் போன கார்முகில், மலைக்கு அளவெடுத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

ஃபிளெக்ஸ் கடை ஃபிரடியுடையது. ஸ்ரீபெரும்புதூர் சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்றாலும் சாலையோரத்தில் நிற்கும் முகங்கள் அவன் அடித்தவை. படத்தைப் பார்த்ததும் கேட்டான்.

"சூப்பர் தலைவா. மூஞ்சி எங்க வருது?"

"மூஞ்சி கெடயாது. மலை மட்டும்தான்."

"மலை ஓகே. தலைவரு எங்க நிக்கிறாரு? உச்சிலயா?"

"யாரும் நிக்கல."

"இம்மாம் பெரிய ஃபிளெக்ஸு, ஒரு மூஞ்சிகூட இல்லியா?" ஃபிரடிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "சரி, அடில 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்'னு ஒரு வரியாச்சும் போட்டுக்கலாமா? மொட்டையா கீது."

மொட்டையா கீது என்ற வார்த்தையைக் கேட்டதும் கார்முகில் இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்தான். "ஒண்ணும் வேணாம். குடுத்தத அப்படியே அடிச்சுக் குடுங்க, போதும்."

ஹான் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், பின்பக்கப் பொட்டலில் சாரம் கட்டி மலையை ஏற்றினார்கள். விரித்துப் பார்த்தபோது மலை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"மிஷின்ல பச்ச சரியா எறங்கல தலைவா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினேன்" என்றான் ஃபிரடி.

காற்று வேறு அடித்தது. மலை உப்பியது, ஒடுங்கியது, ஒரு தடவை சாரத்தை விட்டுக் கிளம்பி கார்முகிலின் கன்னத்தில் பளார் என்று அறைந்தது. அந்த நேரம் பார்த்துப் பகலவன் போன் செய்தார்.

"கார்முகில், டைரக்டர் பாத்துட்டாரு. மலைய கொஞ்சம் இடது பக்கம் நகத்த சொல்றாரு."

"இங்க அது தானாவே நகருது சார்!"

"என்னது? எங்க இருக்கீங்க நீங்க?"

"மலை உச்சில சார்" என்று சொல்லிவிட்டு, சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி போனை அணைத்தான்.

கயிறெல்லாம் இழுத்துக் கட்டி முடிந்ததும், மாடிக்குப் போய் ஸ்க்ரூ போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். தூரத்து மலை நீலம் பாரித்துத்தான் தெரியும், அதனால் கத்திரிக்காய் நிறமும் பழுதில்லை. சாய்ந்த வெயில் சரிவில் விழுந்து, செஞ்சிப் பாறை பாறையாகவே நின்றது. டைரக்டர் ஒருவர் ஃபீல் இல்லை என்று தள்ளிய அதே மலை. மாமாவையும் அதே நாற்காலியில் உட்கார வைத்தான்.

"மச்சான்" என்றார் சுப்பராயன். "நெஜமாவே மலைடா. இத்தினி வருசம் இங்க ஒண்ணுமே இல்லாம இருந்துச்சேன்னு இப்பதான் தோணுது."

மறுநாள் விடியும் நேரத்தில் எல்லோரும் கான்ஃபரன்ஸ் ரூமில் கூடிவிட்டார்கள். அவசரத்துக்கு உதவும் என்று ஃபிரடியையும் அவனுடைய வேனோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே மெல்ல வெளுத்தது. ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மலைக்குப் பின்னால் சூரியன் எழுந்தபோதுதான் உறைத்தது.

மலை உள்ளுக்குள்ளிருந்து ஒளிர ஆரம்பித்தது. அதன் வயிற்றில் ஆண்கள் நால்வர் தெரிந்தார்கள். நால்வரும் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள், நால்வரும் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் சிரித்தாள். அடிவாரத்தில் நீளமாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறி, 'காதணி விழா' என்று எழுதியிருந்தது.

"யார்யா இவங்க எல்லாம்?" சிவசங்கரின் குரல் கீச்சிட்டது.

ஃபிரடி தலையைச் சொறிந்தான். "பொண்ணோட தாய்மாமனுங்க சார். புது ஷீட்டு ஸ்டாக் இல்ல. இது அடிச்சு வெச்சு யாரும் வாங்காம போனது. பொறத்தாண்ட வெள்ளையா இருந்துச்சேன்னு அதுல அடிச்சுட்டேன். நேத்து தெரியவே இல்லியே!"

"நேத்து வெயில் முன்னாடி அடிச்சுது" என்றான் கார்முகில். "இப்ப பின்னாடி அடிக்குது."

"எவ்ளோ நேரத்துக்கு இவங்க இப்படி நிப்பாங்க?"

"சூரியன் கொஞ்சம் மேல ஏறினா மறைஞ்சுடுவாங்க சார்."

"அவரு விடிஞ்சதும் வர்றாரே! விடியும்போது வரச் சொன்னது யாரு?"

சுப்பராயன் கார்முகிலைப் பார்த்தார். கார்முகில் ஜன்னலைப் பார்த்தான். தாய்மாமன்கள் நால்வரும் கைகூப்பி அவனைப் பார்த்தார்கள்.

"புகை வுட்டுடலாமா?" என்றான் ஃபிரடி. "ரிசப்ஷன்ல பொண்ணு மாப்ள நடந்து வர்றப்ப வுடுவோம்ல, அந்த மிஷினு. வண்டிலயேதான் கீது."

வேறு வழி யோசிக்க நேரமில்லை. ஃபிரடி ஓடிப்போய் மலையடிவாரத்தில் மிஷினை வைத்து முடுக்கினான். வெண்புகை குபுகுபுவென்று கிளம்பி, எழுத்தை மூடி, தாய்மாமன்களை மூடி, சரிவில் தவழ்ந்து ஏறிச் சின்னப் பெண்ணையும் மறைத்தது. உச்சியின் நுனி மட்டும் மேலே மிதந்தது. கார்முகில் தன்னை மறந்து பார்த்தான். இந்த மாதிரி ஒரு மூட்டத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர அவன் எத்தனையோ நாளாகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தான்.

கேட்டில் ஹார்ன் கேட்டது.

மிஸ்டர் ஹான் நரைத்த தலையும் நடக்கிறவர்கள் போடும் ஷூவுமாக, எளிமையாக வந்து இறங்கினார். கூடவே மொழிபெயர்க்க கிளாரா என்ற பெண் வந்திருந்தாள். தண்டலத்துக்காரி, கொரிய மொழி படித்துவிட்டு இங்கேயே கம்பெனிகளுக்குத் துபாஷி வேலை செய்கிறவள். கார் கதவு திறந்ததுமே சுப்பராயன் பெரிய குடை ஒன்றை விரித்து ஹானின் தலைக்கு மேல், கிட்டத்தட்ட தலையிலேயே, கவிழ்த்தார்.

ஹான் ஏதோ கேட்டார். "மழை இல்ல, வெயிலும் இல்ல, எதுக்குக் குடைன்னு கேக்குறாரு சார்" என்றாள் கிளாரா.

"மரியாதன்னு சொல்லும்மா. எங்க ஊரு வழக்கம்."

"எனக்கும் இதே ஊருதான் சார்" என்று முணுமுணுத்தபடி கிளாரா மொழிபெயர்த்தாள். ஹான் குடைக்குள் குனிந்து நடந்து வந்தார்.

மாடியில் சிவசங்கர் எல்லோரையும் அறிமுகம் செய்தார். "இவர் மிஸ்டர் கார்முகில். எங்களுக்கு என்விரான்மென்ட் எல்லாம் இவர்தான்." ஒரு விதத்தில் அது உண்மை என்பதால் கார்முகில் மறுக்கவில்லை.

ஹான் உட்காருவதற்காக நாற்காலியை இழுத்தார். அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். எல்லோரும் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்தார்கள்.

"சேஃப்டி" என்றார் சிவசங்கர். "எங்க பிளான்ட்ல எதுவுமே அசையாது."

ஹான் தலையாட்டிவிட்டு, இடுக்கில் நுழைந்து உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

வெகு நேரம் பார்த்தார். கடைசியில் மெதுவாக ஏதோ சொன்னார்.

"'இருக்கு'ன்னு சொல்றாரு" என்றாள் கிளாரா. "'நெஜமாவே இருக்கு'ன்னு சொல்றாரு."

கார்முகிலுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை டைரக்டர்கள், எத்தனை மலைகள். ஒருத்தராவது இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்களா?

"எவ்ளோ பெரிய மலைன்னு உங்கள கேக்குறாரு சார்."

"அது..." கார்முகில் ஹான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். "பாக்குற இடத்தப் பொறுத்தது."

ஹான் அதற்கும் மரியாதையாகத் தலையசைத்தார். அப்போதுதான் சைரன் கேட்டது.

பக்கத்துத் தொழிற்சாலை செக்யூரிட்டி, இங்கே கரும்புகையா வெண்புகையா என்று பார்க்காமல், பொறுப்பாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். சிவப்பு வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு பின்பக்கப் பொட்டலுக்குள் நுழைந்து, நேராக மலையை நோக்கி வந்தது. வீரர்கள் குதித்து இறங்கிக் குழாயைப் பிரித்தார்கள். மலையில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்த சுப்பராயன், குடையோடு படியிறங்கி ஓடினார். ஹான் எழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சுன்னு கேக்குறாரு" என்றாள் கிளாரா.

"காட்டுத்தீ" என்றார் சிவசங்கர், கண்ணிமைக்காமல். "சின்னதுதான். மலைன்னா வரத்தானே செய்யும்?"

கார்முகில் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப அது காடான்னு கேக்குறாரு."

அந்தக் கேள்வியைச் சிவசங்கர் பிடித்துக்கொண்டார். மலைமேல் உயிரையே வைத்திருக்கும் மனிதரை எப்படிக் குளிர வைப்பது என்று அவருக்குத் தெரியும்.

"பக்கா காடும்மா! ரிசர்வ் ஃபாரஸ்ட். கவர்ன்மென்ட்டோட கண்ட்ரோல்ல இருக்கு. அங்க ஒரு செங்கல் வைக்க முடியாது, ஒரு புல்லப் புடுங்க முடியாது. இன்னும் நூறு வருஷம் ஆனாலும் இந்த மலைய ஒருத்தனும் அசைக்க முடியாதுன்னு சொல்லு. அதுக்கு நான் கேரண்டி!"

அவருக்குப் பின்னால் மலை லேசாக அசைந்தது. நல்ல வேளையாக ஹான் அப்போது கிளாராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கீழே, தீயணைப்பு வண்டிக்கு முன்னால் சுப்பராயன் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தார். ஃபிரடி மிஷினை அணைத்துவிட்டுத் தலைகுனிந்து வசவு வாங்கிக்கொண்டிருந்தான். புகை கலைந்தது. அதற்குள் சூரியன் மேலே ஏறியிருந்தது. தாய்மாமன்கள் தடம் தெரியாமல் மறைந்து, கழுவிவிட்ட மாதிரி மலை மட்டும் நின்றது.

ஹான் அதைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கார்முகிலின் கையைப் பிடித்து, குனிந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"இவ்ளோ அழகான மலைக்கு முன்னாடி, சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லைங்குறாரு" என்றாள் கிளாரா.

காபி கூடக் குடிக்காமல் ஹான் இறங்கிப் போனார். மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்த சுப்பராயனைச் சிவசங்கர் கட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து லட்டு டப்பா வந்தது. "மிஸ்டர் கார்முகில், இந்த மலைய எடுக்கவே வேணாம், நிக்கட்டும்" என்றார். சுப்பராயன் எழிலரசிக்குப் போன் போட்டு, "உன் தம்பி எங்க எல்லாரையும் காப்பாத்திட்டான்டி!" என்று கத்தினார். நெஜமாவே இருக்கு, நெஜமாவே இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கார்முகில் லட்டைக் கடித்தான். பகலவன் போனில் அழைத்தார். முதல் தடவையாக அவன் எடுக்கவில்லை.

மறந்து வைத்த கைப்பையை எடுக்க கிளாரா மறுபடி மேலே வந்தாள்.

"வாம்மா, லட்டு எடுத்துக்க" என்றார் சுப்பராயன். "உங்க சாருக்கு மலை புடிச்சுதா?"

கிளாரா லட்டை எடுக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நம்ம ஊர்க்காரங்கன்னுதான் சொல்றேன் சார்: மேப்புல இங்க பின்னாடி வெறும் பொட்டல்தான் தெரியுதாம், அங்கயே உங்களுக்கு ரெண்டாவது பிளான்ட்ட போட்டுக் குடுத்துடலாம்னு கொரியால எல்லாம் முடிவு பண்ணிட்டாங்க, உங்க படத்துல மட்டும் ஒரு மலை நிக்குதேன்னு சந்தேகம் வந்து, அது இல்லன்னு கண்ணால பாத்துட்டா இன்னிக்கே கையெழுத்து போட்டுடலாம்னுதான் பாவம் இவ்ளோ தூரம் வந்தாரு."